அப்பாவின் எம்.ஜி.: முடித்து விற்பதா, அப்படியே விற்பதா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம்; சுருக்கித் தருகிறேன்.

"என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவர். 1971-ல் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் எம்.ஜி. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் 1948 டி.சி. மாடல் காரை வாங்கினார். எண்பதுகளின் கடைசி வரை அது ஓடியது. ரிட்டையர் ஆன பிறகு, 2014-ல் முழுக்கப் பிரித்துப் பழையபடி ஆக்க ஆரம்பித்தார். சேஸிஸ் (அடிச்சட்டம்) சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தாகிவிட்டது. எஞ்சினைக் கோவையில் வேலை பார்த்துத் திரும்ப ஏற்றிவிட்டார், ஆனால் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பாடியின் மரச்சட்டம் பாதி புதுசு, பாதி பழசு. மற்றதெல்லாம் சாக்கிலும் பிஸ்கட் டின்னிலும் இருக்கிறது. அப்பா எழுதிய நோட்டும் எடுத்த போட்டோக்களும் இருக்கின்றன. 2022-ல் அப்பா தவறிவிட்டார். கார் வீட்டுக்குப் பின்னால், வாசல் சரிவாக இருக்கும் தகர ஷெட்டில் பிளாஸ்டிக் தார்பாய் போர்த்தி நிற்கிறது. ஆர்.சி. புக் அப்பா பெயரில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒரு புரோக்கர் நாலரை லட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் ஆர்.சி. புக்கைக் கேட்கிறார். இங்கே ஒரு பட்டறைக்காரர், இரண்டரை லட்சத்தில் சிவப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் இருபதுக்குக் குறையாது என்கிறார். சென்னையில் இருக்கும் தம்பி எப்படியாவது சீக்கிரம் முடி என்கிறான். அம்மாவுக்கு விற்கவே மனமில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரி,

பெயிண்ட் அடிக்காதீர்கள். பாதியில் நிற்கிற காரைப் பாதியில் நிற்கிற காராகவே விற்றுவிடுங்கள்.

முப்பது வருடமாகப் பழைய கார்களைப் பிரித்து மாட்டுகிற வேலை என்னுடையது. பெயிண்ட் அடிப்பதில் எனக்கும் நாலு காசு கிடைக்கும். இருந்தும் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டி.சி.யின் பாடி தகரத்தால் மட்டும் ஆனது இல்லை. ஆஷ் என்ற மரத்தில் ஒரு கூடு செய்து, அதன்மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். விஷயம் தெரிந்த ஆள் பயப்படுவது அந்த மரத்தை நினைத்துத்தான். உங்கள் கார் இப்போது திறந்து கிடக்கிறது. எந்தச் சட்டம் புதுசு, எது பழசு, எங்கே ஆணி, எங்கே ஸ்க்ரூ எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே தகடு வைத்து, பட்டி பார்த்து, சிவப்பு அடித்துவிட்டால் அத்தனையும் மறைந்துவிடும். பிறகு வருகிறவர் உள்ளே என்ன இருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். நீங்கள் இரண்டரை லட்சம் கொடுத்துச் சந்தேகத்தை விலைக்கு வாங்கியது போலத்தான் ஆகும். போதாததற்கு, வாங்குகிறவருக்குப் பச்சை பிடித்திருந்தால் அந்தச் சிவப்பைச் சுரண்டவும் அவர் கைக்காசுதான் போகும்.

பட்டறைக்காரரைத் தப்பு சொல்லவில்லை. மாருதிக்கும் அம்பாசடருக்கும் அவர் கணக்கு சரி. இது வேறு.

அப்பா வைத்துவிட்டுப் போன வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. டி.சி.யை இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1945 முதல் 1949 வரை செய்தார்கள். மொத்தம் சுமார் பத்தாயிரம் கார்கள். 1250 சி.சி., நாலு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யூ. கம்பெனி கார்பரேட்டர் இரண்டு, 19 அங்குல ஸ்போக் வீல். எல்லாமே வலது பக்க ஸ்டியரிங். டாஷ்போர்டில் ஓட்டுகிறவர் எதிரே எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர்தான் இருக்கும். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் உட்காருபவர் எதிரே. இது தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திய வண்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது.

இப்போது நம்பர்கள். சேஸிஸ் நம்பர் டி.சி. என்ற எழுத்தோடு ஆரம்பிக்கும். எஞ்சின் நம்பர் எண்கோண வடிவப் பித்தளைத் தகட்டில், எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற எழுத்துகளோடு இருக்கும். தகடு உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் உங்கள் கையில் இருக்கிற மிகப் பெரிய சொத்து அதுதான், பெயிண்ட் இல்லை. நம் ஊரில் எம்.ஜி.களின் எஞ்சின் தேய்ந்துபோனால் கிடைத்ததைத் தூக்கி வைத்து ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும் பின்னால் வந்த எம்.ஜி.ஏ. காரின் எஞ்சினும் ஒரே குடும்பம் என்பதால், அம்பாசடர் எஞ்சின் போட்டாலும் எம்.ஜி.தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். சொந்த எஞ்சினோடு நிற்கும் டி.சி.க்கு அதனாலேயே தனி மரியாதை.

அந்தத் தகட்டை இப்போதே போட்டோ எடுத்துவிட்டு, யார் வந்தாலும் கூடவே நில்லுங்கள். ஒரு முறை என் பட்டறையிலேயே, ஒரு காரைப் பார்க்க நாலு பேர் வந்து, டீ குடித்து, அருமையான வண்டி என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் பார்த்தால் எஞ்சின் தகட்டைக் காணோம், ரிவெட் இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. காரின் சொந்தக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் நின்ற நிலை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, சாக்கும் பிஸ்கட் டின்னும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச் சொல்லி, தரையில் பழைய வேட்டியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, நம்பர் போட்டுப் போட்டோ எடுங்கள். மீட்டர்கள், ஹெட்லைட், மடிக்கிற கண்ணாடிச் சட்டம், ஹூட்டின் (மடிக்கிற துணிக் கூரையின்) இரும்புக் கம்பிகள், வீல் நடுவே இரண்டு காது வைத்த பெரிய நட்டுகள், டிக் டிக் என்று அடிக்கிற பெட்ரோல் பம்ப் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். டி.சி.க்கு இங்கிலாந்தில் இன்றும் புது சாமான் செய்து விற்கிறார்கள், மரக்கூடுகூட வாங்கலாம். ஆனால் சுங்க வரியும் அனுப்புகிற கூலியும் சேரும்போது ஒரு ஹெட்லைட்டுக்கே மனிதன் அழுதுவிடுவான். ஆகவே துருப்பிடித்த அசல் சாமானுக்கும் விலை உண்டு.

போல்ட் நட்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதை இரண்டு முறை படியுங்கள். இந்த எஞ்சினில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எம்.ஜி.க்கு எஞ்சின் செய்து கொடுத்தது மோரிஸ் கம்பெனி. அவர்கள் 1923-ல் வாங்கிய எஞ்சின் தொழிற்சாலை, அதற்கு முன் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. மெஷின்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. மெஷினை மாற்றாமல், இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருந்த ஸ்பேனருக்கு ஏற்றபடி போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் என்ற இங்கிலாந்து அளவில் செய்துவிட்டார்கள். அதனால் மரை ஒரு நாட்டு அளவு, தலை இன்னொரு நாட்டு அளவு. நம் ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. போல்ட் கேட்டால் கொடுப்பது 1.25 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). இதற்கு வேண்டியது 1 மி.மீ. முதல் இரண்டு சுற்று நன்றாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அவசரக்காரர் ஸ்பேனரில் பைப் போட்டு முறுக்குவார், எஞ்சினில் இருக்கிற மரை போய்விடும். உங்கள் பிஸ்கட் டின்னில் கிடக்கிற கறுத்த போல்ட்டுகளின் அருமை வாங்க வருகிறவருக்குத் தெரிந்திருக்கும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டுமா? ஓடினால் விலை ஏறும், உண்மைதான். ஆனால் பல வருடமாகச் சுற்றாத எஞ்சினை டோ கட்டி இழுத்தோ, கோத்தகிரிச் சரிவில் உருட்டியோ ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். முழுச் சுற்றும் சீராகச் சுற்றினால் அதை வீடியோ எடுத்தாலே போதும். 'எஞ்சின் ஃப்ரீ' என்று தைரியமாகச் சொல்லலாம். பேட்டரி கொடுக்கிறவரிடம், இந்தக் கார் பாசிட்டிவ் எர்த் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாடிக்குப் போகிற வயர் பேட்டரியின் பிளஸ்ஸில்தான் மாட்ட வேண்டும். கைப்பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடுவார்கள்.

மலைக்கென்றே இன்னொரு விஷயம். சமவெளியிலிருந்து வருகிறவர், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டர் கொண்டுவந்து பார்த்துவிட்டு, எஞ்சின் தேய்ந்திருக்கிறது, இத்தனை குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூடும். உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மீட்டரும் அதற்கேற்பக் குறைத்துத்தான் காட்டும். பார்க்க வேண்டியது நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நிற்கிறதா என்பதைத்தான். இதே காரணத்தால், மலையில் கார்பரேட்டர் டியூன் செய்த கார் கீழே போனதும் பெட்ரோல் போதாமல் சூடாகும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் போன் வரும்.

மரத்தை நீங்களே சோதிக்கலாம். இந்தக் காரின் கதவுகள் பின்பக்கம் கீல் வைத்தவை. கதவு மாட்டியிருந்தால், திறந்து முன் நுனியைப் பிடித்து லேசாக மேலே தூக்குங்கள். கீலில் மட்டும் லொடலொட என்றால் கீலுக்குள் இருக்கும் ஆணி தேய்ந்திருக்கிறது, சின்ன வேலை. கீல் பிடித்திருக்கிற தூணே கூட அசைந்தால் மரம் போய்விட்டது. கீழ்ச் சட்டத்தில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். நல்ல மரத்தில் தடம்தான் விழும், உளுத்த மரம் ரொட்டி மாதிரி உள்ளே வாங்கும். அப்பா போட்ட புது மரம் என்ன மரம் என்று அவர் நோட்டில் எழுதியிருக்கிறாரா, பாருங்கள். தேக்கு போட்டிருந்தால் எடை கூடும், ஆனால் நிற்கும். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை அறுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லி விற்கலாம்.

இனி காகிதம். இதுதான் உங்களைச் சோர்வடைய வைக்கப் போகிற பகுதி, ஆனால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். உரிமையாளர் இறந்துவிட்டதால் நேராக வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு வர வேண்டும். அதற்குப் படிவம் 31. கூடவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் கடிதம் வேண்டும். பிறகு விற்கும்போது படிவம் 29, 30. வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. உங்கள் ஆர்.சி. காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும், ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி வரும். கம்ப்யூட்டரில் பழைய நம்பர் ஏறாமலும் இருக்கலாம். ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு நாள் நேரில் போய், எந்த வரிசையில் எதைச் செய்வது என்று கேட்டு வாருங்கள். புரோக்கர் வழியாக வேண்டாம்.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டி, சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியில் தினம் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு இப்படித்தான் ரோட்டில் இறக்கலாம். இதை நீங்கள் செய்ய வேண்டாம், வாங்குபவர் விருப்பம். ஆனால் வண்டி இதற்குத் தகுதியாக இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் அதுவும் விலைதான். சொந்த எஞ்சின் பற்றி அத்தனை சொன்னது இதற்காகவும்தான். (பழைய கார் கிளப்காரர்கள் யாராவது 1948 கார் விண்டேஜ் இல்லை, கிளாசிக் என்று திருத்தினால் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கணக்கு வேறு, சட்டத்தின் கணக்கு வேறு.)

அந்த மேட்டுப்பாளையத்துப் புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஆர்.சி. புக் கேட்கிறவருக்கு வேண்டியது கார் இல்லாமலும் இருக்கலாம். காகிதம் இல்லாமல் எங்கோ நிற்கிற இன்னொரு எம்.ஜி.க்கு உங்கள் புக் உயிர் கொடுக்கும். அதனால் முழுப் பணம் வங்கியில் ஏறும்வரை புக் உங்கள் பீரோவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பர்களில் பாதியை மறைத்து அனுப்புங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, யார் கேட்டாலும் கிடையாது. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை இருக்கிறது. மாட்டுவது பணத்தை வாங்குகிற நீங்கள்தான். வெளிநாட்டிலிருந்து யாராவது போட்டோவைப் பார்த்தே இரண்டு மடங்கு தருகிறேன், கப்பலுக்கு நீங்கள் முன்பணம் கட்டுங்கள் என்றால் பதிலே போடாதீர்கள். 1950-க்கு முன் செய்த கார்களை ஏற்றுமதி செய்ய இங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

விலை சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். காரைப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னால் நானும் அந்தப் புரோக்கரும் ஒன்று. ஆனால் கணக்குப் போடும் விதம் சொல்கிறேன். நன்றாக முடிந்து, காகிதம் சுத்தமாக, ஓடுகிற டி.சி. என்ன விலைக்குப் போகிறது என்று கோவையிலும் சென்னையிலும் பழைய கார் வைத்திருக்கும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அவரவர் கேட்கும் விலையை விட்டுவிடுங்கள், கைமாறிய விலை வேண்டும். அதிலிருந்து மீதி வேலைக்கு ஆகும் செலவைக் கழியுங்கள். அந்தச் செலவு பட்டறைக்காரர் சொன்ன இரண்டரை லட்சம் இல்லை. மரம், தகடு, வயரிங், சீட், ஹூட், டயர், பிரேக் எல்லாம் சேர்த்து அதைப்போல் பல மடங்கு. பிறகு, இரண்டு வருடம் காத்திருந்து அலையப்போகிற வாங்குபவருக்கு ஒரு பங்கு விடுங்கள். மிஞ்சுவது உங்கள் விலை. நாலரை லட்சம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இருபது லட்சம் கனவு. வரி உண்டா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். அப்பா இந்தக் காரைச் சொந்தமாக ஓட்டினார் என்பதைக் காட்டும் போட்டோ, பழைய இன்சூரன்ஸ், பெட்ரோல் பில் கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

அம்மாவின் மனசுக்கு மெக்கானிக்கிடம் மருந்து இல்லை. ஒன்று மட்டும் செய்யலாம். அப்பாவின் நோட்டு, அவர் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொண்டு, அசலைக் காரோடு கொடுங்கள். வாங்குகிறவருக்கு அது வேண்டும். அடுத்த கை யாருடையது என்பதில் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை இருக்கட்டும்.

ஆள் பார்க்க வரும் நாளில் பின் சக்கரத்துக்கு நல்ல கல் வையுங்கள். டி.சி.யின் கைப்பிரேக் நம் வண்டிகளுக்கு நேர்மாறு. இழுத்து, நுனிப் பித்தானை அழுத்தினால்தான் பூட்டிக்கொள்ளும்; மறுபடி லேசாக இழுத்தாலே விட்டுவிடும். நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று ஒருவர் ஆர்வமாக இழுத்துப் பார்ப்பார். உங்கள் ஷெட் வாசல் சரிவு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஏற்றிப்போக பிளாட்பெட் வண்டி வரும்போதும் இதே கதைதான். கயிற்றை ஆக்சிலில் கட்டச் சொல்லுங்கள், பாடியில் கட்டினால் அப்பா வைத்த மரம் மேட்டுப்பாளையம் போவதற்குள் விலகிவிடும்.

மற்றதெல்லாம் அடுத்த மாதம் செய்யலாம், அந்த பிளாஸ்டிக் தார்பாயை மட்டும் நாளைக் காலையே எடுத்துவிடுங்கள். கோத்தகிரிப் பனியில் இரவெல்லாம் அதன் அடியில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக மரத்தில்தான் இறங்குகிறது. பழைய பருத்திப் போர்வை இரண்டைத் தைத்துப் போடுங்கள். ஷெட்டின் ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். ஐப்பசி மழை உங்கள் பக்கம்தான் பலமாக அடிக்கும். தகரத்தில் ஓட்டை இருந்தால் அதற்குள் அடைத்துவிடுங்கள்.